குளுக்கோஸ் தண்ணீருக்குப் பதில் கையில் சென்சார் ஒட்டினால் போதாதா?

கத்ர்போர்ன் மருமகள் | செவ்வாய், இரவு 9.12

வணக்கம். தஞ்சாவூரில் பிறந்து, மணமாகி மொரீஷியஸில் கத்ர் போர்ன் ஊருக்கு வந்து இரண்டு வருடமாகிறது. இது தலைச்சன். இருபத்தைந்தாவது வாரம் நடக்கிறது.

போன வாரம் சர்க்கரைச் சோதனைக்குப் போனேன். வெறும் வயிற்றில் ஒரு முறை ரத்தம் எடுத்தார்கள். பிறகு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் கொடுத்து ஐந்து நிமிடத்தில் குடிக்கச் சொன்னார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் குடித்துவிட்டேன். நாற்பதாவது நிமிடம் எல்லாம் வெளியே வந்துவிட்டது. தரையைத் துடைக்க வந்த அம்மாள் முகம் சுளிக்கவில்லை. அது ஒன்றுதான் அன்றைக்கு ஆறுதல். வாந்தி எடுத்தால் சோதனை செல்லாது, வேறொரு நாள் வாருங்கள் என்றார்கள். நான்கு நாள் கழித்துப் போனேன். இருபதாவது நிமிடத்திலேயே அதே கதை.

லண்டனில் இருக்கும் நாத்தனார், "ஏன் இந்தப் பாடு? மேற்கையில் ஒரு சென்சாரை ஒட்டிக்கொள். பதினான்கு நாள் ராப்பகலாகக் கைபேசியில் சர்க்கரை தெரியும்" என்கிறாள். டாக்டரிடம் கேட்டேன். "அது நோய் இருப்பவர்களுக்கு. நோயைக் கண்டுபிடிக்க அன்று" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். ஏன் என்று கேட்க வாய் வரவில்லை. வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள்.

இங்கே கேட்கிறேன். பதினான்கு நாள் கூடவே இருக்கும் கருவிக்குத் தெரியாத எது, இரண்டு மணி நேரத்தில் மூன்று குழாய் ரத்தத்துக்குத் தெரிந்துவிடுகிறது?

முருகன்மலை | செவ்வாய், இரவு 9.40

தங்கச்சி, உங்கள் ஊர்க்காரன்தான். கோர் த கார்த் மலைக் கோயிலுக்குக் கீழே வீடு. போன வருடம் கர்ப்பமாக இருந்த என் மனைவிக்கு நானே ஒரு சென்சார் வாங்கி ஒட்டினேன். சோதனைக்கும் போனாள், அது வேறு விஷயம். எனக்குப் பொறுமை இல்லை.

நன்மையை முதலில் சொல்கிறேன். சந்தையில் நின்றபடி இரண்டு தால் பூரி சாப்பிட்டாள்: ஒரு மணி நேரத்தில் சர்க்கரை லிட்டருக்கு 9.4 மில்லிமோல். அடுத்த நாள் அதே இரண்டைச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு நடந்து வந்தாள்: 7.6. எந்த டாக்டரும் இதை இப்படிக் காட்டியதில்லை.

தொல்லை இரவில். மூன்று மணிக்கு 3.1 என்று கைபேசி அலறியது. நான் பதறிப்போய் அவளை எழுப்பி, சர்பத் கலக்கிக் கொடுத்து, பிறகு விரலைக் குத்திப் பார்த்தால் 4.6! சென்சார் ஒட்டிய கையின்மேல் படுத்திருந்தாள், அவ்வளவுதான். அந்த வாரம் இது மூன்று முறை நடந்தது. நான்காம் நாள் கைபேசியை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

பழைய ஆள் | புதன், காலை 6.05

என் தாயார் ஏழு பிள்ளை பெற்றார். ஒரு சோதனையும் கிடையாது. இப்போது கர்ப்பத்தையே நோயாக்கிவிட்டார்கள். அதற்கு மேல் கையில் மின்பொறி வேறு.

ஓய்வுபெற்ற செவிலி | புதன், காலை 7.30

ஐயா, உங்கள் தாயாரின் ஏழு பிள்ளைகளும் பிழைத்தது பெரும் பாக்கியம். நான் பிரசவ அறையில் முப்பது வருடம் நின்றவள். தலை வந்துவிட்டு, தோள் தாயின் இடுப்பெலும்பில் மாட்டிக்கொண்ட குழந்தையைப் பார்த்திருக்கிறேன். நாலரைக் கிலோ. அறையில் ஒருவரும் பேசமாட்டார்கள். கடிகாரச் சத்தம்தான் கேட்கும். இதற்கு மேல் எழுதவில்லை, கர்ப்பிணிகள் படிக்கிறார்கள்.

மருமகளுக்கு: நஞ்சுக்கொடி வளர வளர, அது சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடுவதில்லை. பெரும்பாலான பெண்களுக்குக் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து ஈடுகட்டிவிடும். ஈடுகட்ட முடியாதவருக்கு ரத்தத்தில் சர்க்கரை ஏறும். அந்தச் சர்க்கரை தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும். தாயின் இன்சுலின் போகாது. ஆகவே பிள்ளையின் குட்டிக் கணையமே இன்சுலினைக் கொட்டும், பிள்ளை கொழுக்கும். பிறந்து கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து நின்றுவிடும், இன்சுலின் நிற்காது. அந்தச் சில மணி நேரத்தில் பிள்ளைக்குச் சர்க்கரை சரசரவென்று இறங்கும். 24 முதல் 28 வாரத்துக்குள் சோதிக்கச் சொல்வது இந்த எதிர்ப்பு வலுக்கும் காலம் என்பதால்தான்.

இன்னொன்று. இந்தத் தீவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு. எங்கள் பெண்களுக்கு இந்தச் சோதனை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. எந்தச் சோதனை என்பதில் பேசலாம்.

பயத்தில் இப்போதே சோற்றைக் குறைத்துவிடாதீர்கள். சோதனைக்கு முந்தைய மூன்று நாளும் வழக்கம்போல் சாப்பிட வேண்டும். பட்டினி கிடந்து போனால் உடம்பு திடீர்ச் சர்க்கரையைச் சமாளிக்கத் தடுமாறி, இல்லாத நோயைக் காட்டிவிடும்.

சோதனைக்குழாய் | புதன், பிற்பகல் 1.15

ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். மருமகளின் கேள்வி நல்ல கேள்வி. ஒரே வரியில் முடிக்கத் தக்கது அன்று. மதிய உணவு வேளையில் எழுதுகிறேன், நீளத்துக்கு மன்னிக்கவும்.

5.1, 10.0, 8.5 என்ற மூன்று எண்கள் இருக்கின்றனவே, வெறும் வயிறு, ஒரு மணி, இரண்டு மணி. இவற்றில் ஒன்று எட்டினாலே கர்ப்பகால நீரிழிவு என்கிறார்கள். இவை எங்கிருந்து வந்தன? ஒன்பது நாடுகளில் இருபத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளுக்கு இந்தத் தண்ணீரைக் கொடுத்து, மிக அதிகமாக வந்தால் தவிர, முடிவைத் தாய்க்கும் காட்டாமல் டாக்டருக்கும் காட்டாமல், பிறந்த பிள்ளைகள் எப்படி இருந்தன என்று பார்த்தார்கள். ஹேப்போ ஆய்வு, 2008-இல் வெளியானது. அதில் தெரிந்த உண்மை: சர்க்கரை கூடக்கூட அபாயமும் படிப்படியாகக் கூடுகிறது, இதுவரை நலம், இதற்குமேல் நோய் என்று பிரிக்கும் படிக்கட்டு எங்கேயும் இல்லை. ஆகவே ஒரு நிபுணர் குழு உட்கார்ந்து, சராசரிச் சர்க்கரை உள்ள பெண்ணைவிட, பிள்ளை அளவுக்கு மீறிப் பெருக்கும் வாய்ப்பு 1.75 மடங்கு ஆகும் இடத்தில் கோடு கிழித்தது. 2010-இல் கோடு போட்டார்கள், 2013-இல் உலகச் சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது.

கோடு மனிதர் கிழித்ததுதான். ஆனால் அதன் பின்னால் இருபத்து மூவாயிரம் பிள்ளைகள் இருக்கிறார்கள். சென்சாரின் பின்னால் அப்படியொரு கணக்கு இன்னும் நிற்கவில்லை. 7.8-க்கு மேல் ஒரு நாளில் எத்தனை நிமிடம் போனால் நோய்? இரவுச் சராசரி எவ்வளவு இருந்தால்? எல்லோரும் ஒப்புக்கொண்ட விடை இல்லை. உங்கள் டாக்டர் சொல்லாமல் விட்டது இதுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்தது துல்லியம். சென்சாரின் இழை ரத்தக் குழாயில் இல்லை. தோலுக்கடியில் அரை சென்டிமீட்டர் போய்த் திசுக்களுக்கு இடையிலுள்ள நீரில் நிற்கிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏறிச் சில நிமிடம் கழித்துத்தான் அந்த நீரில் ஏறும். சராசரிப் பிழை இன்றைய நல்ல கருவிகளில் 9 சதவீதம் அளவில். 5.1-இல் 9 சதவீதம் என்றால் ஏறத்தாழ 0.46. அதாவது 4.6 என்று காட்டினாலும் 5.6 என்று காட்டினாலும் கருவி தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது என்றுதான் பொருள். கோட்டுக்கு இரு பக்கமும் காலை வைத்திருக்கும் கருவியை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. முருகன்மலையாரே, பல நாள் சராசரி எடுத்தால் பிழை கரையும் என்பீர்கள். மேலும் கீழும் தாவும் பிழை கரையும். ஒரே பக்கம் சாயும் பிழை பதினான்கு நாளும் கூடவே இருக்கும்.

இனி என் வீட்டுக் குறையையும் சொல்லிவிடுகிறேன். குழாயில் எடுத்த ரத்தத்தை அப்படியே வைத்தால் அதிலுள்ள அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம். சாம்பல் மூடிக் குழாயில் அதைத் தடுக்கும் ஃபுளோரைடு இருக்கிறதே என்பார்கள். அது முழுதாக வேலையைத் தொடங்கவே சில மணி நேரம் ஆகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 5.2 இருந்த ரத்தம் ஒரு மணி நேரம் மேசையில் கிடந்தால் 4.9. வீட்டுக்குப் போகலாம், உங்களுக்கு ஒன்றும் இல்லை. நான் முன்பு வேலை செய்த ஓரிடத்தில் காலை ஏழு மணிக் குழாயும் ஒன்பது மணிக் குழாயும் சேர்ந்துதான் இயந்திரத்துக்கு வரும், அதுவும் பத்தரைக்கு. டிசம்பர் வெயிலில். பனிக்கட்டி கேட்டேன்; மீன் கடையா நடத்துகிறாய் என்றார்கள்.

தெற்குக்கரை | புதன், இரவு 8.20

எல்லோரும் கத்ர் போர்னிலும் ரோஸ் ஹில்லிலும் இருந்துகொண்டு பேசுகிறீர்கள். நான் சுயாக் பக்கம். பெரிய ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ். தங்கை எட்டு மணிக்கு வெறும் வயிற்றோடு அங்கே உட்கார வேண்டுமானால் ஐந்தரைக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். பஸ் வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய், தித்திப்பைக் குடித்து, இரண்டு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்து, திரும்பவும் இரண்டு பஸ். அன்றைய கூலியும் போயிற்று. அவள் போகவே இல்லை. சோதனை எவ்வளவு துல்லியமாக இருந்து என்ன?

ஊர்ச் சுகாதார நிலையத்தில் ஒரு செவிலி அந்தச் சென்சாரை ஒட்டி அனுப்பட்டும். பத்து நாள் கழித்துத் தங்கை அதைக் கழற்றிக் கொடுக்கட்டும். 9 சதவீதப் பிழை என்கிறீர்கள். போகாதவளின் பிழை நூறு சதவீதம்.

சோதனைக்குழாய் | புதன், இரவு 8.44

இதற்கு என்னிடம் பதில் இல்லை. நியாயம்.

வகுப்பறை | வியாழன், மாலை 4.30

தமிழாசிரியை நான், அறிவியல் எனக்குத் தூரம். ஆனாலும் இரண்டு சேதி சொல்லலாம்.

ஒன்று: சென்னை டாக்டர் வி. சேஷையா முன்னின்று பரப்பிய டிப்ஸி முறை தெற்குக்கரையின் தங்கைக்காகவே செய்தது போலிருக்கிறது. வெறும் வயிறு தேவையில்லை. எப்போது வந்தாலும் 75 கிராம் குளுக்கோஸ்; இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம்; 140 இருந்தால் நோய். இந்திய அரசின் வழிகாட்டி இதைத்தான் பின்பற்றுகிறது. அந்த வழிகாட்டியில் இன்னொரு விதியும் உண்டு: அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் மறுநாள் திரும்பச் செய்ய வேண்டும், அரை மணிக்குப் பிறகு எடுத்தால் சோதனையைத் தொடரலாம். மருமகளின் நாற்பதாவது நிமிட வாந்தி தஞ்சாவூரில் செல்லுபடியாகியிருக்கும்!

இரண்டு: அந்த 140-ஐப் பார்த்து இங்கே யாரும் மயங்கி விழ வேண்டாம். இந்தியாவில் டெசிலிட்டருக்கு மில்லிகிராம், இங்கே லிட்டருக்கு மில்லிமோல். பதினெட்டால் வகுத்தால் 7.8. என் தோழியின் தாயார் திருச்சியிலிருந்து தொலைபேசியில், "உனக்கு வெறும் ஏழுதானா? உடனே எதையாவது சாப்பிடு!" என்று அழுதிருக்கிறார்.

பக்கத்துத் தீவு | வியாழன், மாலை 5.10

பிரான்சின் பகுதியான ரெயூனியன் தீவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பிரெஞ்சுச் சீட்டில் லிட்டருக்குக் கிராம் என்று போட்டிருக்கும். வெறும் வயிற்றில் 0.92. அது உங்கள் 5.1, இந்தியாவின் 92. மொரீஷியஸில் இருக்கும் பெரியம்மா என் சீட்டைப் பார்த்துவிட்டு, பூச்சியம் புள்ளி என்றால் சர்க்கரையே இல்லை, பாயசம் ஊற்றட்டுமா என்றார்.

பிரான்சில் எல்லாப் பெண்களுக்கும் சோதனை என்ற விதி இல்லை. 35 வயது கடந்தவர், உடல் எடைக் குறியீடு 25-ஐத் தாண்டியவர், பெற்றோர் உடன்பிறந்தோரில் நீரிழிவு உள்ளவர், முந்தைய பிரசவத்தில் வந்தவர், பெரிய பிள்ளை பெற்றவர், இவர்களுக்குத்தான். எங்கள் குடும்பங்களில் இந்த வலையில் சிக்காத பெண்ணை இனிமேல்தான் தேட வேண்டும்.

பதினான்கு வருட இன்சுலின் | வியாழன், இரவு 10.02

சென்சாரை இத்தனை பேர் திட்டுவதால் எழுதுகிறேன். எனக்கு முதல் வகை நீரிழிவு. சென்சார் இல்லாமல் நான் என் மகனைப் பெற்றிருப்பேனா என்று தெரியாது. முதல் வகைக்காரக் கர்ப்பிணிகளிடம் அதைச் சோதித்துப் பார்த்து, பிள்ளைகள் கூடுதல் நலத்தோடு பிறந்தன என்று 2017-இல் கன்செப்ட் ஆய்வு காட்டியது. பிறகுதான் இங்கிலாந்தில் எங்களைப் போன்ற எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கச் சொல்லி வழிகாட்டி வந்தது. எங்களுக்குச் சொல்லும் இலக்கு: 3.5-க்கும் 7.8-க்கும் நடுவே நாளில் எழுபது சதவீதத்துக்கு மேல்.

ஆனால் அந்த எழுபது சதவீதம் ஏற்கெனவே நோய் இருப்பவளுக்கான இலக்கு. அதை எடுத்துக்கொண்டுபோய் நோய் இல்லாத பெண்ணுக்கு அளவுகோலாக வைத்தால் எல்லோரும் தேறிவிடுவார்கள். நலமான கர்ப்பிணியின் வெறும் வயிற்றுச் சர்க்கரை சராசரியாக 4-ஐ ஒட்டித்தான் இருக்கும். சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில்கூட 6 அளவில்தான். 7.5 என்று பச்சைக் கோட்டுக்குள் காட்டுகிறதே என்று மகிழ்ந்துகொண்டிருக்கிற பெண்ணுக்கு நோய் இருக்கலாம். கைபேசிச் செயலி போடும் பச்சை நிறம் பல நேரம் கர்ப்பிணிக்காகப் போட்டது இல்லை, யாரோ ஒரு நடுவயது ஆணுக்காகப் போட்டது. அமைப்புக்குள் போய் மாற்ற வேண்டும்.

வைட்டமின் சி மாத்திரையைக் கூடுதலாகப் போட்டுக்கொண்டால் சில சென்சார்கள் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். பெட்டிக்குள் மடித்து வைத்த தாளில் பொடி எழுத்தில் இருக்கிறது.

நிர்வாகி | வெள்ளி, காலை 8.00

பெயர் தெரியும்படி பரிசோதனைச் சீட்டின் படத்தை இரண்டு பேர் போட்டிருந்தார்கள், நீக்கிவிட்டேன். மருந்தளவு பற்றிய பேச்சு டாக்டரோடு இருக்கட்டும். இந்த உரையாடல் நன்றாகப் போகிறது, தொடருங்கள்.

முருகன்மலை | வெள்ளி, மதியம் 12.25

சோதனைக்குழாய் ஐயாவுக்கு ஒரு கேள்வி. சென்சாருக்குப் பின்னால் கணக்கு இல்லை என்றீர்கள். கிளாம் என்று ஓர் ஆய்வு 2024-இல் வந்திருக்கிறதே? பதினேழு வாரத்துக்கு முன்பே பெண்களுக்குச் சென்சார் ஒட்டிப் பிரசவம் வரை பார்த்தார்கள். பின்னால் யாருக்குச் சோதனையில் நோய் என்று வந்ததோ அவர்களுக்குப் பதின்மூன்று, பதினான்கு வாரத்திலேயே சர்க்கரை மற்றவர்களைவிடச் சற்று மேலே ஓடியிருக்கிறது. தண்ணீர்ச் சோதனை ஏழாம் மாதத்தை நெருங்கும்போது சொல்வதைச் சென்சார் நான்காம் மாதத்திலேயே முணுமுணுக்கிறது. இதைவிட என்ன வேண்டும்?

சோதனைக்குழாய் | வெள்ளி, மதியம் 1.05

நல்ல ஆய்வுதான், நானும் படித்தேன். "சற்று மேலே" என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். ஆயிரம் பேரைக் கூட்டிச் சராசரி எடுத்தால் இரண்டு கோடுகளும் பிரிந்து தெரியும். ஒரே ஒரு பெண் எதிரே உட்கார்ந்திருக்கும்போது அவள் எந்தக் கோட்டின் ஆள் என்று சொல்வது வேறு வேலை.

அங்கே பெண்கள் தங்கள் எண்ணைப் பார்க்க முடியாதபடி திரையை மறைத்திருந்தார்கள் என்பதும் முக்கியம். உங்கள் மனைவி 9.4 பார்த்தார், மறுநாள் நடந்தார். உடம்புக்கு நல்லது, நோய் கண்டுபிடிப்புக்குக் கெட்டது. பரீட்சை எழுதும் பிள்ளைக்குப் பக்கத்திலேயே விடைத்தாளைத் திருத்திக் காட்டுவது மாதிரி.

இன்னொரு கவலையும் எனக்கு உண்டு. கோட்டை எவ்வளவு கீழே இறக்குகிறோமோ அவ்வளவு பேர் நோயாளி ஆவார்கள். நியூசிலாந்தில் நான்காயிரத்துச் சொச்சம் பெண்களை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்குத் தாழ்ந்த கோடும் பாதிப் பேருக்கு உயர்ந்த கோடும் வைத்துப் பார்த்தார்கள். 2022-இல் முடிவு வந்தது. தாழ்ந்த கோட்டில் 15.3 சதவீதத்தினர் நோயாளிகள், உயர்ந்த கோட்டில் 6.1. பெரிய பிள்ளைகள் பிறந்த விகிதமோ இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒன்றே. ராப்பகலாக எண்ணிக்கொண்டிருக்கும் கருவிக்கு அவசரப்பட்டு ஒரு கோடு போட்டால், சாப்பிட்ட பிறகு ஒரு முறை எட்டைத் தொட்ட பெண்ணெல்லாம் அழுதுகொண்டு வருவாள்.

ஓய்வுபெற்ற செவிலி | வெள்ளி, இரவு 7.50

அழுதுகொண்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன், சொல்லாமல் விட்டதால் போனதையும் பார்த்திருக்கிறேன். இரண்டில் அழுகை தேவலை.

தண்ணீர் வயிற்றில் நிற்காதவர்களுக்கு ஒரு வழி முன்பிருந்தே உண்டு: வீட்டிலேயே ஒரு வாரம் விரல் குத்தி, காலையில் ஒன்றும் ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றுமாகக் குறித்துக்கொண்டு வருவது. எடை குறைக்க இரைப்பை அறுவை செய்துகொண்டவர்களுக்கும் இதைத்தான் சொல்வோம். அவர்களுக்கு அந்தத் தித்திப்பைக் கொடுத்தால் வியர்த்துச் சரிந்துவிடுவார்கள். மூன்று மாதச் சராசரிச் சோதனை போதாதா என்று யாராவது கேட்பீர்கள். கர்ப்பத்தில் சிவப்பணுக்கள் சீக்கிரம் மாறுகின்றன, ரத்தச்சோகையும் சேர்ந்துகொள்ளும். அந்த எண்ணை நம்பி நிம்மதியாக இருக்க முடியாது.

மருமகளே, மூன்றாம் முறை போகத் தெம்பு இருந்தால்: தண்ணீரை நன்றாகக் குளிரவைத்துத் தரச் சொல்லுங்கள். வாந்திக்கு மாத்திரை போடலாமா என்று டாக்டரிடம் முதல் நாளே கேளுங்கள். குடித்த பிறகு நடக்காமல் சாய்ந்து உட்காருங்கள். சமையலறை வாசனை வராத அறையாக இருந்தால் இன்னும் நல்லது.

கத்ர்போர்ன் மருமகள் | ஞாயிறு, மாலை 6.15

இத்தனை பேர் எழுதியதைக் கணவரும் மாமியாரும் நானுமாக உட்கார்ந்து படித்தோம். முடிவில் இரண்டையும் செய்வதென்று தீர்மானித்தோம். சென்சாரை வெள்ளிக்கிழமை ஒட்டியாயிற்று. முதல் நாள் எண்களை நம்பாதே என்று மருந்துக்கடைக்காரர் சொன்னார்.

நேற்று வீட்டில் வளைகாப்பு. கண்ணாடி வளையலை முழங்கை வரை ஏற்றினார்கள். அதற்கு மேலே இந்த வெள்ளை வட்டம். ட்ரியோலேயிலிருந்து வந்த பெரியம்மா அதைத் தொட்டுப் பார்த்து, "எந்தக் கோயில் தாயத்து?" என்று கேட்டார். மாமியார் அசராமல், "இது கைபேசியோடு பேசும் தாயத்து" என்றார். அரை மணி நேரத்தில் அத்தைமார் எல்லோரும் என்னைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். நான் ஒரு வாய் சர்க்கரைப் பொங்கல் சாப்பிடுவது, அவர்கள் கைபேசியை எட்டிப் பார்ப்பது. 6.8 வந்ததும் ஒருத்தி கை தட்டினாள். தன் கையில் ஒட்டிப் பார்க்க முடியுமா என்று மூன்று பேர் கேட்டார்கள். அவர்களில் இரண்டு பேருக்கு ஏற்கெனவே மாத்திரை. ஒருவர் விரல் குத்திப் பார்த்து ஒரு வருடமாம்.

பழைய ஆள் | ஞாயிறு, இரவு 7.02

சர்க்கரைப் பொங்கலுக்கு 6.8 தானா? எனக்கு வெறும் வயிற்றிலேயே ஒன்பது.

ஓய்வுபெற்ற செவிலி | ஞாயிறு, இரவு 7.10

ஐயா! இதை முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா? நாளைக் காலை போய் டாக்டரைப் பாருங்கள்.

கத்ர்போர்ன் மருமகள் | அடுத்த வியாழன், இரவு 8.35

மூன்றாம் முறை வெற்றி. தண்ணீர் சில்லென்று இருந்தது; முதல் நாளே டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்; சாய்வு நாற்காலி கிடைத்தது. வாந்தி இல்லை. ரத்தம் எடுத்ததும் குழாயைப் பனிக்கட்டியில் வைக்க முடியுமா என்று கேட்டேன். இதை உங்களுக்கு யார் சொன்னது என்றார் அந்தப் பெண். சிரித்துவிட்டேன்.

முடிவு: வெறும் வயிறு 4.7. ஒரு மணி 10.4. இரண்டு மணி 8.1. நடு எண் ஒன்றுதான் கோட்டைத் தாண்டியது. தாண்டியது தாண்டியதுதான் என்றார் டாக்டர். எனக்குக் கர்ப்பகால நீரிழிவு.

அதே காலையில் சென்சார் காட்டிய உச்சம் 9.6, எழுபதாவது நிமிடத்தில். அதை மட்டும் நம்பியிருந்தால் பாயசத்தோடு கொண்டாடியிருப்போம். வீட்டுக்கு வந்து அழுதேன், மறைக்கவில்லை. பிறகு முந்தைய நாள்களின் படத்தை எடுத்துப் பார்த்தேன். காலை உணவுக்குப் பிறகு மட்டும் ஒவ்வொரு நாளும் ஒரு குன்று எழும்புகிறது: எட்டே கால், எட்டரை. மதியமும் இரவும் தரை மாதிரி. டாக்டரிடம் காட்டினேன். இந்த முறை அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். காலை ரொட்டியைப் பாதியாக்கி முட்டை சேர்த்துக்கொள்ளச் சொன்னார். இரண்டு வாரம் சாப்பாட்டில் பார்ப்போம், அடங்காவிட்டால் இன்சுலின்.

சோதனைக்குழாய் | வியாழன், இரவு 9.00

10.4-க்கு 9.6 என்றால் 8 சதவீதம்கூடக் குறைவில்லை. கருவி ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது. கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பவர்களுக்கு அது போதவில்லை, அவ்வளவே. பனிக்கட்டி வைத்தார்களா, அதைச் சொல்லவில்லையே?

கத்ர்போர்ன் மருமகள் | வியாழன், இரவு 9.04

வைத்தார்கள் ஐயா. தடுப்பூசிப் பெட்டியிலிருந்து எடுத்து வந்தார்கள்.

தெற்குக்கரை | வியாழன், இரவு 9.31

தங்கையிடம் டிப்ஸி பற்றிச் சொன்னேன். எங்கள் ஊர் நிலையத்தில் இருக்கும் செவிலியிடம் அவளே போய்க் கேட்டாள். அந்த முறை இங்கே வழக்கமில்லை; ஆனால் விரல் குத்தும் கருவியை ஒரு வாரத்துக்குக் கடன் தந்திருக்கிறார்கள். பஸ் கிடையாது, நடந்தே போய் வாங்கி வந்தாள். இன்று மூன்றாம் நாள்.

கத்ர்போர்ன் மருமகள் | சனி, இரவு 9.48

டாக்டர் சென்சாரோடு விரலும் குத்திப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்: வெறும் வயிற்றில் 5.3-க்குள், ஒரு மணியில் 7.8-க்குள், இரண்டு மணியில் 6.7-க்குள். நேற்று இரவு விரலில் 11.3 வந்தது. சென்சார் 6.4 என்கிறது. யாரை நம்புவது? பயமாக இருக்கிறது. எந்த விரலில் குத்த வேண்டும்?

ஓய்வுபெற்ற செவிலி | சனி, இரவு 9.55

நடு விரல் அல்லது மோதிர விரல். நுனியின் நடுவில் குத்தாதீர்கள், பக்கவாட்டில். அங்கே வலி குறைவு. அது இருக்கட்டும், குத்துவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினீர்களா? என்ன சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள்?

கத்ர்போர்ன் மருமகள் | சனி, இரவு 9.57

நான் சாப்பிடவில்லை அம்மா. மாமியாருக்கு லிச்சி உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.